அம்மம்மாவின் நாக்கு விறைப்பு

அன்புள்ள மருமகளுக்கு,

அம்மம்மாவுக்கு மாதக்கணக்காக நாக்கு விறைக்கிறது, குழம்பு பட்டால் எரிகிறது என்று எழுதியிருந்தாய். "வயசு போனா அப்படித்தான்" என்று அவ சொல்வதை நம்பி இருந்துவிடாதே, புள்ள. பக்கத்தில் இருப்பது நீதான்.

முதலில் வாயைத் திறந்து பார். செட்டிபாளையத்தில் இருக்கும் ஒருவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஏனென்றால் களுதாவளைத் தோட்டத்து வெற்றிலை வராத வீடு நம் பக்கம் குறைவு. வெற்றிலை போடுவதில் கேடு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் முன்னிற்பது வாய்ப்புற்றுநோய்; பெண்களும் அதற்குத் தப்பவில்லை.

பகல் வெளிச்சத்தில் அவவை இருத்து. நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரு பக்கமும் இழுத்துப் பார். நாக்கின் ஓரம், அடிப்பக்கம், வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறம் ஆகியவை முக்கியம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, தடிப்பு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண் இருக்கிறதா? நோகவில்லை என்றால் ஆறுதல் கொள்ளாதே. தொடக்கத்தில் புற்றுநோய் பெரும்பாலும் நோவதில்லை. மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல். போகாவிட்டால் கன்னத்தின் உட்தோல் இறுகத் தொடங்கியிருக்கலாம். அது பாக்கினால் வரும் நோய். காரம் பட்டதும் எரிவதுதான் அதன் முதல் அறிகுறி.

உன்னால் முடியுமா என்று தயங்காதே. இலங்கையில் சிறு பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்களே ஊர்மக்களின் வாயைப் பார்த்துச் சந்தேகமானவர்களைப் பிரித்தறிந்தார்கள். அந்த ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது.

இவற்றில் எது தென்பட்டாலும் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் பல் வைத்தியரிடம் கூட்டிப்போ. காசு கேட்கமாட்டார்கள்.

அப்படி ஒன்றும் தென்படவில்லையா? நாக்கு வழுவழுப்பாகச் சிவந்திருந்தால் பி12 விற்றமினோ இரும்புச்சத்தோ குறைந்திருக்கலாம். கடலும் வாவியும் இருபுறமும் இருக்க, மீன் தின்கிறவவுக்கு எப்படிக் குறையும் என்று கேட்பாய். வயது போகப்போக உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்கும் திறன் வயிற்றுக்குக் குறைகிறது. சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மெட்போர்மினும் பி12ஐக் குறைக்கும். இரத்தம் சோதித்த பிறகே மருந்து எடுக்கட்டும். சீனி கட்டுக்குள் இல்லாவிட்டாலும் பொருத்துப் பல்லின் கீழ் பூஞ்சணம் பிடித்தாலும் நாக்கு எரியும். மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்குக் காரணமே தெரியாமல் எரிவு வருவதுண்டு. அது மனப்பிரமை அல்ல, அதற்கும் வைத்தியம் உண்டு. கடைவாய்ப்பல் பிடுங்கிய பின் ஒரு பக்கம் மட்டும் விறைத்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம். பிடுங்கியவரிடமே உடனே சொல்ல வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. திடீரென நாக்கு விறைத்து, வாய் கோணினாலோ கை சோர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும்.

வைத்தியரிடம் காட்டும்வரை பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் நிற்கட்டும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும், உறைப்பைக் குறை. கராம்பு எண்ணெய் பூசாதே, புண்ணை இன்னும் எரித்துவிடும். பொருத்துப் பல்லை இரவில் கழற்றித் தண்ணீரில் போடச் சொல். வைத்தியசாலைக்குப் போகும்போது அவ குடிக்கிற குளிசைகளை எல்லாம் பையோடு கொண்டுபோ.

அன்புடன்,
மாமா