கமராவை எங்கிருந்து பிடிப்பது?

வீடியோ கமரா மலிந்தபின் படமெடுப்பு பட்டணத்தாருக்கு மட்டும் உரிய தொழிலாக இருக்கவில்லை. இந்தியாவில், இன்றைய தெலுங்கானாவிலுள்ள பஸ்தாப்பூரில், தக்காண அபிவிருத்திச் சங்கத்தின் தலித் உழவர் பெண்கள் 1990களின் பிற்பகுதியில் அதைப் பழகினர். பலருக்கு எழுத்தறிவில்லை. ஆகவே படப்பிடிப்புக் கோணங்களுக்குத் தாமே பெயர் வைத்தார்கள்.

மேலே நின்று கீழ்நோக்கி எடுத்தால் 'பட்டேல் ஷொட்'. அது நிலச்சுவான்தாரின் பார்வை. கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் 'அடிமை ஷொட்'. கண்ணுக்கு நேரே எடுத்தால் 'சங்க ஷொட்'. சங்கத்தில் எல்லோரும் ஒரே பாயில்தானே இருப்பார்கள்! எந்தக் கல்லூரியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தராது.

மரபணு மாற்றிய பருத்தியை விதைத்த வாரங்கல் விவசாயிகளை இவர்களே படமெடுத்தனர். 2003இல் அது வெளிவந்தது. பேட்டி கண்டவரும் உழவர், பதில் சொன்னவரும் உழவர். நட்டக் கணக்கு ஒளிவுமறைவின்றி வந்தது.

இடம்பெயர்ந்த நாட்களில் பிறர் எடுத்த உங்கள் படம் கையிலிருந்தால் பாருங்கள். அது எந்த ஷொட்?