ரௌட்டரைப் புதுப்பித்த பின் குரல் தடைப்பட்டால்: போக்குவரத்து மேலாண்மையைச் சரிபார்க்கும் முறை

வீட்டு ரௌட்டரை இயக்குகின்ற உள்மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, பாதுகாப்புக் குறைகளை நீக்கும் பொருட்டுத் தயாரிப்பாளர்கள் அவ்வப்போது புதுப்பிக்கின்றனர். இணைய வழங்குநர் கொடுத்த ரௌட்டராயின், இப்புதுப்பிப்புப் பெரும்பாலும் இரவு நேரத்தில் வீட்டார் அறியாமலேயே நிகழ்ந்துவிடும். மறுநாள் இணையம் இயங்கும். திரைப்படம் தடையின்றி ஓடும். வேகச் சோதனையும் நல்ல எண்ணையே காட்டும். ஆயினும் மருத்துவருடனான காணொளி அழைப்பு உறைந்து நிற்கும். வீட்டுத் தொலைபேசியில் மறுமுனைக் குரல் துண்டு துண்டாகக் கேட்கும். இத்தகைய நிலையில் முதலில் பார்க்க வேண்டிய இடம், ரௌட்டரின் போக்குவரத்து மேலாண்மைப் பக்கம். ரௌட்டர் திரையில் இது ‘கியூ.ஓ.எஸ்.’, ‘டிராஃபிக் மேனேஜர்’, ‘பேண்ட்வித் கன்ட்ரோல்’ என வெவ்வேறு பெயர்களில் காணப்படும்.

இது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் பழுதைக் கண்டறிவது எளிது. என்.பி.என். 50 திட்டம் ஒன்றில் பதிவிறக்க வேகம் 50 மெகாபிட். பதிவேற்றமோ உச்சமாக 20 மெகாபிட் மட்டுமே. மாலையில் ஒருவருடைய கைபேசி அன்றைய படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கினால் அந்த 20 முழுவதும் நிரம்பிவிடும். ஒரு குரல் அழைப்புக்குத் தேவைப்படுவது விநாடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் மட்டுமே. எனினும் அது படங்களுக்குப் பின்னால் காத்திருக்கிறது. மருந்தகத்தில் ஒரு குடும்பத்தின் மாதாந்த மருந்துச் சீட்டுகளுக்குப் பின்னால், ஒரேயொரு மாத்திரை வாங்க வந்தவர் நிற்பதைப்போல. கெடுப்பது வேகக் குறைவு அன்று, காத்திருப்பு. வேகச் சோதனையின் பெரிய எண்ணை மட்டும் நம்பினால் இது புலப்படாது.

போக்குவரத்து மேலாண்மை இந்த வரிசையை ரௌட்டருக்குள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தரவை அனுப்பி, குரலையும் காணொளி அழைப்பையும் முன்னே விடுகிறது. அதற்கு இணைப்பின் வேகம் என்னவென்று ரௌட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுப்பிப்பின்போது பெரும்பாலும் குலைவது இந்த எண்தான்.

எண் குலையும் விதங்கள் பல. சில வேளைகளில் அது அழிந்து பூச்சியமாகிவிடும், அல்லது ‘ஆட்டோ’ என மாறிவிடும். புதிய பதிப்பில் அலகு மாறியிருக்கவும் கூடும்: முன்பு மெகாபிட்டில் கேட்ட பெட்டி இப்போது கிலோபிட்டில் கேட்கலாம். 20 மெகாபிட் என்பது 20,000 கிலோபிட். கிலோபிட் பெட்டியில் 20 என்று இருந்தால் ஒரு குரல் அழைப்புக்கே இடம் போதாது. எதிர்த்திசைத் தவறும் உண்டு: உண்மை வேகத்தைவிடப் பெரிய எண் இருந்தால் மேலாண்மை பெயரளவில் இயங்கும், வரிசையோ ரௌட்டருக்கு வெளியே தேங்கும். பழைய எண் அப்படியே தங்கிவிடுவதும் சிக்கலே. 2025 செப்டம்பரில், வீடுவரை ஒளியிழை அல்லது எச்.எஃப்.சி. இணைப்புள்ள வீடுகளுக்கான என்.பி.என். 100 மெகாபிட் அடுக்கு 500 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. ரௌட்டரில் 95 என்ற பழைய வரம்பு இருக்கும்வரை அவ்வுயர்வு அந்த வீட்டுக்கு எட்டாது.

ஆகவே முதற்படி அளத்தல். போக்குவரத்து மேலாண்மையைத் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை வடம் மூலம் ரௌட்டரில் இணைத்து, வேறெவரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையில் மூன்று முறை அளக்கவும். அவற்றுள் ஒன்று மாலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட நெரிசல் நேரத்தில் அமைதல் நன்று. கிடைத்தவற்றுள் குறைந்த எண்ணை எடுத்து, அதன் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக இடவும். பதிவேற்றம் 18 மெகாபிட் எனில் 16 பொருத்தமானது. இரண்டு மெகாபிட்டை வீணாக்குவதாகத் தோன்றும். அந்த இடைவெளியே குரலுக்கு வழிவிடுகிறது.

மேலாண்மையை மீண்டும் இயக்கி, ‘ஃபாஸ்ட்.காம்’ தளத்தில் சோதித்து, ‘லேட்டன்சி’ என்ற பகுதியின் இரு எண்களையும் ஒப்பிடவும். இணைப்பு ஓய்வாக இருக்கும்போது 15 மில்லிவிநாடியாக இருந்த தாமதம், சுமையின்போது 300 ஆக உயர்ந்தால் வரம்பை இன்னும் குறைக்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் பயனில்லையெனில், முன்னுரிமை பெற்ற கருவி எது என்று பார்க்கவும். ரௌட்டர் ஒரு கருவியை அதன் வன்பொருள் முகவரியாகிய ‘மேக்’ எண்ணால் அறிகிறது. தற்காலக் கைபேசிகளோ தனியுரிமை கருதி, ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. மீளமைப்புக்குப் பின் வைஃபைப் பெயர் மாறியிருந்தால் அதே கைபேசி அந்நியராகவே வந்து நிற்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்தத் தனியுரிமை முகவரியை நிறுத்திவைத்து, கருவியைப் பட்டியலில் புதிதாகச் சேர்க்கலாம்.

சில ரௌட்டர்களில் ‘வன்பொருள் முடுக்கம்’ இயங்கும்போது தரவு இந்த வரிசையைத் தொடாமலே கடந்துவிடும். புதுப்பிப்பு அதனை மீண்டும் இயக்கியிருக்கலாம். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால், ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ என்னும் அமைப்பை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். திரையில் தெரிவது உலாவி சேமித்துவைத்த பழைய பக்கமாகவும் இருக்கலாம். அச்சேமிப்பை அழித்த பின்னரே எதையும் முடிவு செய்யவும்.

தொழிற்சாலை நிலைக்கு மீளமைப்பது பலரும் எளிதாகச் சொல்லும் ஆலோசனை. முதியோர் வாழும் வீடுகளில் அவசரப்பட்டு அதனைச் செய்யலாகாது. என்.பி.என். வந்தபின் பல வீடுகளின் தொலைபேசி ரௌட்டரிலேயே செருகப்பட்டுள்ளது. சில அவசர உதவிப் பொத்தான்களும் அதையே நம்பியுள்ளன. மீளமைப்பு, தொலைபேசிக்கான வழங்குநரின் விவரங்களை அழித்துவிடக்கூடும். அவை திரும்பச் சேர்க்கப்படும்வரை அந்தத் தொலைபேசியிலிருந்து 000 என்ற அவசர எண்ணையும் அழைக்க இயலாது. எனவே முதலில் வழங்குநரிடமும், பொத்தான் இருப்பின் அதன் நிறுவனத்திடமும் கேட்டறியவும். மின்னேற்றிய கைபேசி ஒன்றை அருகில் வைத்திருக்கவும். அமைப்புப் பக்கங்களைப் படம்பிடித்துக்கொண்டு, பின்னர் கையாலேயே உள்ளிடுவது நல்லது. பழைய பதிப்பில் சேமித்த கோப்பைப் புதிய பதிப்பில் ஏற்றினால் அதே குழப்பம் திரும்பக்கூடும். பழைய பதிப்புக்கே மீள்வது, மூடிய பாதுகாப்பு ஓட்டைகளை மீண்டும் திறப்பதாகும்.

இவற்றுக்குப் பின்னும் சீராகாவிடில், புதுப்பித்த நாள், பதிப்பு எண், அளந்த வேகங்கள், அழைப்புத் தடைப்பட்ட நேரங்கள் ஆகியவற்றை எழுதிவைக்கவும். வாய்மொழி முறையீட்டைவிட இக்குறிப்பு வலுவானது. வழங்குநர் கொடுத்த ரௌட்டராயின் முறையீடு அவரிடமே செல்ல வேண்டும். கடையில் வாங்கியதாயின், அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்கீழ் விற்பனையாளருக்கும் பொறுப்பு உண்டு. தயாரிப்பாளரிடம் போகுமாறு கூறி அவர் கைகழுவ முடியாது. வழங்குநரிடம் முறையிட்டும் தீர்வு கிட்டாதவர்கள், தொலைத்தொடர்புத் துறைக் குறைகேள் அதிகாரியை 1800 062 058 என்ற எண்ணில் அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அங்கிருந்து இணைக்குமாறு கேட்கலாம்.