காளானை ஐஸ் பெட்டியில் வைத்தால் போதுமா?

மழை விட்ட மறுநாள் செம்பனைக் காட்டிலிருந்து திரும்பும் நம் சகோதரிகள் பலர் பை நிறையக் காளானோடு வருவதைப் பார்க்கிறோம். ஆலையிலிருந்து வந்த வெறுங்குலைகளைப் பரப்பிய இடத்தில் தானாக முளைக்கும் இதை மலாய்க்காரர்கள் 'செண்டவான் சாவிட்' என்பார்கள். வைக்கோலில் வளர்க்கிறார்களே, அதே சாதிதான். காசில்லாமல் கிடைக்கும் நல்ல கறி; நான் குறை சொல்ல வரவில்லை. பறித்த பிறகு வைத்திருக்கும் விதத்தில்தான் வம்பு.

"ஐஸ் பெட்டியிலதானே வச்சேன் டிரசர், அது எப்படிக் கெட்டுப்போகும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கிறார்கள். மற்றக் காய்கறிக்கு இந்தக் கேள்வி சரி. குலைக்காளான் வெக்கையில் வளரும் பிறவி. கடுங்குளிர் அதற்கு ஆகாது. 4, 5 டிகிரியில் இரண்டொரு நாள் இருந்தால் சதை உடைந்து, தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். வெளியில் வைத்தாலோ நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. ஆகவே அன்று பறித்ததை அன்றே சமைத்துவிட வேண்டியதுதான். மிஞ்சியதை நன்றாகக் கொதிக்க வைத்து, நீரை வடித்து, ஆறியதும் மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாள் இருக்கும். பிளந்து வெயிலில் சருகாகக் காயவைக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்தால் பூசணம் பிடித்துவிடும்.

பசாரில் வாங்கும் சிப்பிக் காளான் வேறு கதை. அது குளிர் தாங்கும், நாலைந்து நாள் கிடக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் போய்விடும். கழுவாமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கலாம்.

கெட்டதா என்று பார்க்கக் கையும் மூக்கும் போதும். தொட்டால் கொழகொழவென்று ஒட்டுகிறதா, பைக்கடியில் பழுப்புத் தண்ணீர் நிற்கிறதா, மீன் வாடையோ மூத்திர வாடையோ அடிக்கிறதா, கறுப்புத் திட்டு விழுந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். புளியும் காரமும் தூக்கலாகப் போட்டால் சரியாப் போயிடும் என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் உண்டு. வாடை அடங்கும், அவ்வளவுதான். கிருமிகள் விட்ட சில நஞ்சுகள் கொதித்தாலும் போகாது. முதலில் படுப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

இத்தனையும் நல்ல காளானுக்கு. நச்சுக்காளான் புதிதாக, வாசமாகவே இருக்கும். வெள்ளிக்காசு, பூண்டு போட்டுப் பார்ப்பதெல்லாம் நம்பத்தக்கதல்ல. புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக வந்து, முற்றியதும் அடிமடிப்பு பச்சையாகிறதே, அதைத் தொடவே வேண்டாம். களைக்கொல்லி அடித்த பக்கம் முளைத்ததும் சாப்பாட்டுக்கு ஆகாது.

காளான் தின்று வாந்தியெடுத்தால் மிச்சக் காளானையும் கையோடு கொண்டு வாருங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம். நடுவில் ஒரு நாள் தெளிந்தது போல் இருக்கும். அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி வரும் வரை, நினைவோடு இருப்பவருக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.