ஐப்பசி, கார்த்திகைச் சந்தை: ஈரம் போனால் காய்க்கு விலை உண்டு

தமிழ்நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மற்ற நாடுகளில் இந்தப் பருவத்தில் இலை உதிரும். இங்கே மழை கொட்டும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக் காற்றினால்தான் கிடைக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, பாகல், பூசணி எல்லாம் காய்த்துக் குலுங்குவதும் இதே சமயத்தில்தான். ஆகவே காய் பறிக்கும் காலமும் மழைக் காலமும் ஒன்றாக வந்து சேருகின்றன. தோட்டத்தில் நன்றாக விளைந்த காய், சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகிப் போவதற்கு இதுவே முதற்காரணம்.

உழவர் சந்தையில் விற்கும் விவசாயி இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14ஆம் தேதி திறக்கப்பட்டது. இப்பொழுது மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் தங்கள் விளைபொருளை இடைத்தரகர் இல்லாமல் இங்கே நேரே விற்கலாம். விலை, மொத்த விலையை விடக் கூடுதலாகவும் சில்லறைக் கடை விலையை விடக் குறைவாகவும் இருக்கும்படி தினமும் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. கமிஷன் மண்டியில் நல்ல காயும் சொத்தைக் காயும் ஒரே மூட்டையில் ஒரே விலைக்குப் போய்விடும். சந்தையிலோ வாங்குபவர் ஒவ்வொரு காயையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறார். ஆகையால் பக்குவமாகக் கொண்டுவந்த காயின் பலன் முழுவதும் விளைவித்தவருக்கே கிடைக்கிறது. அழுகலின் நஷ்டமும் அவருடையதே.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 50 கிலோ தக்காளியைச் சாக்கில் கட்டிக் கொண்டு வருகிறார் என்றும், விலை கிலோ 30 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 1,500 ரூபாய் வர வேண்டும். வழியில் 8 கிலோ நசுங்கிவிட்டால் 240 ரூபாய் போயிற்று. நசுங்கிய பழத்தின் சாறு பட்டு மற்றப் பழங்களும் பிசுபிசுக்கும். மீதி 42 கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டால் இன்னும் 210 ரூபாய் போகும். ஆக 450 ரூபாய், அதாவது பத்தில் மூன்று பங்கு, உரத்தாலோ பூச்சியாலோ அல்ல, ஒரு சாக்கினால் போயிற்று.

பறிக்கும் நேரம்

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. ஈரத்தோடு பறித்துக் குவித்த காயில் இந்த வெப்பம் வெளியேற வழியில்லை. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சாணம் வேகமாகப் பரவும். ஆகவே காலையில் பனியும் மழைத் துளியும் உலர்ந்த பிறகு பறிப்பது நல்லது. விடியற்காலைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், முதல் நாள் மாலை மழை விட்ட நேரம் பார்த்துப் பறித்து, கூரையின் கீழ் மெல்லிய பரப்பாகப் பரப்பி, இரவு முழுவதும் காற்றாட வைக்க வேண்டும். மழையில் பறிக்க நேர்ந்தால் உலர்ந்த துணியால் துடைத்துப் பரப்பலாம்.

வெண்டையைப் பூ மலர்ந்த ஆறு, ஏழு நாட்களில் பறித்துவிட வேண்டும். மழைக் காலத்தில் காய் விரைவில் பருத்து நார் விழும் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பதைத் தவறவிடக் கூடாது. தக்காளி வறண்டிருந்த நிலத்தில் திடீரென்று மழை பெய்தால் வெடிக்கும்; நன்கு பழுத்த பழமே அதிகம் வெடிக்கும். ஆகவே மழை வரும் அறிகுறி தெரிந்தால், நிறம் திரும்பத் தொடங்கிய காய்களையும் சேர்த்துப் பறித்துவிடலாம். இரண்டு மூன்று நாட்களில் அவை வீட்டிலேயே பழுத்துவிடும். கத்தரிக்காயைப் பிடித்து இழுக்காமல், காம்போடு கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பூசணி, பரங்கிக் காய்களை இரண்டு அங்குலம் காம்பு விட்டு அறுத்தால், காம்பு விழுந்த இடத்தின் வழியாக அழுகல் உள்ளே போகாது.

பூச்சிக்கொல்லி தெளித்த பயிரில், அந்த மருந்தின் சீட்டில் குறிப்பிட்டுள்ள நாட்கள் கழியும் வரை காய் பறிக்கவே கூடாது. மழை பெய்து கழுவிவிட்டது என்று எண்ணுவது தவறு. சில மருந்துகள் செடியின் உள்ளே பரவி நிற்பவை. மழை அவற்றைக் கழுவாது. அடிக்கடி பறிக்கும் வெண்டை, கத்தரிக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பூச்சி தோன்றும்போதே பயன்படுத்தினால், கடும் மருந்தின் தேவை குறையும்.

கொண்டுவரும் முறை

சாக்கும் கோணியும் உருளைக்கிழங்கு போன்ற கடினமான பொருளுக்குத்தான் ஏற்றவை. தக்காளி, பாகல், புடலை, கத்தரி முதலியவற்றைத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியிலோ, உட்புறம் வைக்கோல் பரப்பிய மூங்கில் கூடையிலோ கொண்டுவர வேண்டும். வைக்கோல் உலர்ந்திருக்க வேண்டும். மழைக்குப் பயந்து கூடை முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடுவது மழையில் நனைவதை விடக் கெடுதல். உள்ளே வியர்த்து நீர் கோக்கும். மேலே மட்டும் தாளைப் போட்டு, பக்கங்களைத் திறந்து விட வேண்டும்.

பழுக்கும் தக்காளி, வாழை, கொய்யா ஆகியவற்றிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளியாகிறது. இது கீரையையும் வெள்ளரி, பாகல் போன்ற பச்சைக் காய்களையும் மஞ்சளாக்கிவிடும். ஆகையால் இவற்றை ஒரே கூடையில் வைக்கக் கூடாது.

காய்கறி வாடாமல் இருக்கச் செங்கல்லும் ஈர மணலும் கொண்டு கட்டும் குளிர் அறை கோடைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் நீர் ஆவியாவதால்தான் அந்த அறை குளிர்கிறது. அடைமழையின்போது காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது, குளிர்ச்சியும் கிடைக்காது. இந்த இரண்டு மாதங்களில் தண்ணீர் தெளிப்பதை விடக் காற்றோட்டமே காயைக் காப்பாற்றும். கீரைக் கட்டுகளுக்கும் இது பொருந்தும். கட்டை இறுக்காமல் தளர்த்திக் கட்டி, வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். அடுக்கி வைத்து மேலே தண்ணீர் தெளித்தால் நடுவில் உள்ள கட்டுகள் வெந்து போகும்.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

கூதிர் காலச் சந்தையில் எல்லாக் காயும் மலிவாக இராது. முருங்கைக்காய் அருகிப் போகும். தக்காளியும் சின்ன வெங்காயமும் மழையைப் பொறுத்து விலை ஏறும். மழைக்கு ஈடுகொடுக்கும் காய்களையும் கிழங்குகளையும் அறிந்து வாங்குபவருக்குச் செலவும் குறையும், சாப்பாடும் ருசிக்கும்.

வெண்டையின் நுனி பட்டென்று ஒடிய வேண்டும். கத்தரிக்காய் பளபளப்பாகவும் தொட்டால் விறைப்பாகவும் இருக்க வேண்டும். மங்கிய காயில் விதை முற்றியிருக்கும். பீர்க்கங்காய் எடைக்கு வளைந்து கொடுக்காமல் கனமாக இருப்பது நல்லது. பூசணியை நகத்தால் அழுத்தினால், முற்றிய காயில் நகம் இறங்காது. சின்ன வெங்காயத்தின் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது.

பகல் பொழுது குறையக் குறையப் பூக்கும் நாட்டு அவரையும் மொச்சையும் கார்த்திகைக் கடைசியிலிருந்து வரத் தொடங்கும். வருஷம் முழுவதும் கிடைக்கும் குத்து அவரையை விட இவற்றின் மணமும் சுவையும் வேறு. பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்து வைக்கும் குழம்புக்கு இதுதான் பருவம்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளைந்ததா என்பதை விற்பவரே வெட்டிக் காட்டலாம். முற்றிய கிழங்கில் வெட்டிய இடம் வெண்மையாக உலரும், முற்றாததில் கருக்கும். மரவள்ளிக் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாட்களில் உட்புறம் நீலக் கோடுகள் விழுந்து கெட்டுவிடும். ஆகவே அன்றன்று தோண்டியதைத்தான் வாங்க வேண்டும். தோலை நீக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் உள்ள நச்சுப் பொருள் இவ்வாறுதான் நீங்கும்.

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து சீத்தாப்பழம் வரும் காலமும் இது. தோலின் கண்கள் விரிந்து, இடைவெளி வெளிர் மஞ்சளாக மாறிய காயை வாங்கினால் இரண்டு முதல் நான்கு நாட்களில் பழுக்கும். கண்கள் விரியாத காய் பழுக்காமலே கறுத்துப் போகும். இதன் விதையின் தூள் கண்ணில் படக் கூடாது. சிறுவர்கள் உள்ள வீடுகளில் விதைகளை உடனே அப்புறப்படுத்துவது நல்லது.

நிலக்கடலையில் எச்சரிக்கை

ஆடிப்பட்டத்து மானாவாரி நிலக்கடலை இந்தச் சமயத்தில் பிடுங்கப்படுகிறது. பச்சைக் கடலையை உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிடாத வீடு கிடையாது. கொத்துக் கடலை ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் இல்லை. முற்றிய பிறகு மழை பெய்தால் நிலத்திலேயே முளைத்துவிடும். ஆகையால் முற்றியதும் தாமதிக்காமல் பிடுங்க வேண்டும். பிடுங்கிய செடியைக் குவித்து வைக்காமல், காய் மேற்புறம் இருக்கும்படி பரப்பி உலர்த்த வேண்டும்.

நனைந்த கடலையில் பச்சை அல்லது மஞ்சள் நிறப் பூஞ்சாணம் படர்ந்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் அழிவதில்லை, கல்லீரலைக் கெடுக்கும். அத்தகைய கடலையை விற்கவும் கூடாது, வீட்டில் உண்ணவும் கூடாது. மாட்டுக்கும் கோழிக்கும் போடுவதும் தவறு. கிலோக் கணக்கில் போனாலும் ஒதுக்கித் தள்ளுவதே முறை.

வீட்டில் வைக்கும் விதம்

வாங்கி வந்ததை அப்படியே பையில் வைக்கக் கூடாது. கீரையைப் பிரித்து, அழுகிய இலைகளை நீக்கி, அன்றே சமைப்பது உத்தமம். கழுவும்போது அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமிழ்த்தினால் மண் அடியில் தங்கும். பிறகு தண்ணீரை வடிக்காமல் கீரையை மட்டும் மேலாக அள்ளி எடுக்க வேண்டும். மழைக் காலக் கீரையை இப்படி மூன்று முறை அலசலாம்.

கிழங்குகளைக் கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, காற்றாடும் கூடையில் வைக்க வேண்டும். சர்க்கரைவள்ளியைக் குளிர்பெட்டியில் வைத்தால் வேகாமல் நடுவில் கட்டியாக நிற்கும். தக்காளியையும் பழுத்த பிறகுதான் குளிர்பெட்டியில் வைக்கலாம். காம்போடு வாங்கிய பூசணி, பரங்கியை வைக்கோல் பரப்பிய பரண் மேல், ஒன்றையொன்று தொடாமல் வைத்தால் பொங்கல் வரை கெடாது. நெல்லிக்காய் விலை இறங்கும்போது வாங்கி உப்பில் ஊறப்போட்டுக் கொள்ளலாம்.

மிஞ்சியதை என்ன செய்வது?

கோடையில் மிஞ்சிய காயை வற்றல் போடலாம். வெயில் இல்லாத ஐப்பசியில் அதற்கு வழியில்லை. ஆகவே விற்கும் அளவுக்கே பறிப்பது புத்திசாலித்தனம். சந்தையின் நிர்வாக அலுவலரிடம் முதல் நாள் வரத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, இரண்டு மூன்று காய்களாகக் கலந்து கொண்டுவரலாம். அடுத்த பருவத்திலாவது கீரையையும் கொத்தவரையையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக விதைத்தால், ஒரே சமயத்தில் குவியாது.

காயைப் பெரியது, சிறியது, சற்று அடிபட்டது என்று மூன்றாகப் பிரித்து வைத்து, அடிபட்டதைச் சொல்லியே விலை குறைத்துக் கொடுத்துவிடலாம். மிஞ்சிய பழைய காயை மறுநாள் புதுக் காயோடு கலந்து விற்கக் கூடாது. ஓர் அழுகல் காய் கூடை முழுவதையும் கெடுப்பதோடு, வாங்கியவரையும் வேறு கடைக்கு அனுப்பிவிடும். உழவர் சந்தைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள்; வாரந்தோறும் அதே பையுடன் வருகிறவர்கள். மழை நாளிலும் உலர்ந்த, சுத்தமான காய் எந்தக் கடையில் கிடைத்தது என்பதை அவர்கள் மறப்பதில்லை. தை மாதத்தில் எல்லாக் கடையிலும் காய் குவிந்து விலை இறங்கும்போது, அந்த வாடிக்கைதான் விவசாயிக்குக் கைகொடுக்கும்.