தனியொருவராக மென்பொருள் சேவை: மூன்று பாடங்கள்

மாதக் கட்டணத்தில் மென்பொருள் சேவை வழங்க இன்று ஒருவரே போதும். எனினும், அவரது உழைப்பும் சேமிப்பும் வீணாகாதிருக்கச் சில வரையறைகள் தேவை.

முதலாவது, நிரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். ரசீது தயாரிக்கும் மென்பொருளில் மருந்துக் கடைக்காரர் காலாவதித் தேதியைக் கேட்பார். துணிக்கடைக்காரர் அளவையும் நிறத்தையும் கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனி நகல் எழுதினால், பின்னாளில் ஒரே பிழையை இருபது இடங்களில் திருத்த நேரிடும். வேறுபாடுகளை, வாடிக்கையாளரே தேர்ந்துகொள்ளும் அமைப்புகளாக வழங்குங்கள். அதற்குள் அடங்காத கோரிக்கையைப் பணிவுடன் மறுப்பதே நலம்.

இரண்டாவது, வசூல். வாடிக்கையாளர் ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால், ரூ.15,000 வரையிலான தொடர் கட்டணத்தை ஒவ்வொரு முறையும் ஓடிபி இன்றிப் பெற ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அவருக்கு அறிவிப்புச் செல்லும். ஆண்டுக் கட்டணம் இவ்வரம்பைக் கடக்குமாயின், மாதத் தவணையே இருவருக்கும் எளிது.

மூன்றாவது, கணக்கு. தொழிலுக்கெனத் தனி நடப்புக் கணக்கு தொடங்குங்கள். உத்யம் பதிவு இலவசம்; இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. பெரும்பாலான மாநிலங்களில், சேவைத் தொழிலின் ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

பாராட்டுபவர் பலர் இருப்பர். கட்டணம் செலுத்தும் முதல் ஐவரைக் கண்டபின் வேலையை விடுவது பற்றிச் சிந்தியுங்கள்.