வண்ணத்துக்குப் பயப்பட வேண்டாம்

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். அடர்ந்த நிறங்கள், பூ வேலைப்பாட்டுத் துணிகள், சுவர் நிறையப் படங்கள் என்றால் எனக்கு உயிர். வீட்டிலோ, "கண்ணை உறுத்தும், வெள்ளையே அடிப்போம்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆசையை விட்டுக்கொடுக்காதீர்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போய்ச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மா தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், இத்தாலியப் பளிங்கு, நிலைக்கதவு முழுக்கச் சிற்பம், ஆத்தங்குடிக் கற்களின் சிவப்பும் பச்சையும் மஞ்சளும்! இவ்வளவு இருந்தும் அங்கே கண் களைப்பதில்லை. ஒரே வடிவம் தரையில் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர்களும் திறந்த முற்றமும் பார்வைக்கு ஓய்வு தருகின்றன.

அதையே நீங்களும் செய்யலாம். மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்து, சுவர், திரைச்சீலை, மெத்தை உறை என எல்லா இடத்திலும் அவற்றையே மாற்றி மாற்றிக் கொண்டுவாருங்கள். பெரிய பூ வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டமோ கோடோ போடுங்கள்; இரண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் மோதும். ஏதாவது ஒரு பரப்பை, கூரையையோ தரையையோ, வெறுமையாக விடுங்கள். பெயின்ட் வாங்குமுன் சுவரில் இரண்டடிச் சதுரம் பூசி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

முதலில் ஓர் அறையில் தொடங்குங்கள். அதைப் பார்த்தபின் வீட்டார் மறுக்க மாட்டார்கள்.