பி.டி.ஓ ஷாஃப்ட்டும் பழைய டிராக்டரும்: புல்வெட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

எஞ்சினின் விசையைக் கருவிக்குக் கொடுக்க டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று. அந்தத் தண்டையும் கருவியையும் இணைக்கும், ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் அந்த வேகத்தில் ஒரே நொடியில் இரண்டு மீட்டருக்கும் அதிகமான துணியைச் சுருட்டிவிடும். முழுக்கைச் சட்டையின் கை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான். மாட்டிக்கொண்டது உங்களுக்கு உறைப்பதற்குள் தோள்பட்டை ஷாஃப்ட்டை எட்டியிருக்கும். "பார்த்துச் செய்தால் ஒன்றும் ஆகாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த வேகத்துக்கு முன்னால் பார்த்துச் செய்ய நேரமே கிடையாது.

சிங்கப்பூரில் டிராக்டர் எங்கே இருக்கிறது என்று சிராங்கூன் சாலையில் கேட்டால் சிரிப்பார்கள். லிம் சூ காங், கிராஞ்சி பக்கம் போனால் தெரியும். பண்ணைகளிலும் கோல்ஃப் திடல்களிலும், பெரிய புல்வெளிகளைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனங்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. புதுக்கோட்டையிலோ ஒரத்தநாட்டிலோ மாஸே, மஹிந்திரா ஓட்டியவர் என்று தெரிந்தால் போதும், சூப்பர்வைசர் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். ஊர் அனுபவம் பெரிய பலம்தான். ஆனால் ஓடுகிற ஷாஃப்ட்டைத் தாண்டிப் போவது, கவரைக் கழற்றி மூலையில் போடுவது, எஞ்சின் ஓடும்போதே ரோட்டவேட்டரில் சிக்கிய கயிற்றை இழுப்பது எல்லாமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்கள் பெருகியதால் இந்தியாவில் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பழக்கங்களை விமானம் ஏறும்போதே விட்டுவிட்டு வாருங்கள்.

முதலில் நிறுத்தும் முறை. பி.டி.ஓ லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கருவியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, பிளேடு முழுவதுமாக நிற்கும்வரை சீட்டிலேயே இருங்கள். புல்வெட்டும் ஸ்லாஷரின் கனமான பிளேடு எஞ்சின் நின்ற பிறகும் சிறிது நேரம் சுற்றும். இறங்கும்போது சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். பழைய டீசல் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. டீசலை அடைக்கும் ஸ்டாப் குமிழை இழுத்தால்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரூடிரைவரால் தொட்டே கிளப்பிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே பெரிய ரிப்பேர் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றி, "வேலை நடக்கிறது, தொடாதே" என்று அட்டை மாட்டுங்கள். துவாஸ் ஷிப்யார்டில் 'லோட்டோ' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். டிராக்டருக்கும் அது பொருந்தும்.

உடை விஷயத்தில் இங்கே ஒரு விநோதம். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பிரதிபலிப்பு அங்கியே தொளதொளவென்று இருந்தால் ஷாஃப்ட்டுக்குத் தீனி ஆகிவிடும். உடம்போடு ஒட்டிய அளவாகக் கேளுங்கள். இழுத்தால் பிரியும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. வெயிலுக்குக் கழுத்தில் சுற்றும் துண்டு, மழைக்கோட்டின் நாடா, காதிலிருந்து தொங்கும் இயர்போன் வயர் மூன்றையும் கருவிக்குப் பக்கத்தில் போகுமுன் கழற்றிவிடுங்கள்.

இனி பராமரிப்பு. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் ஷாஃப்ட் மேலுள்ள பிளாஸ்டிக் கவரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் அசையாமல் கவர் மட்டும் இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தாலோ, அதைப் பிடித்து நிறுத்தும் சங்கிலி அறுந்திருந்தாலோ, கவரும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்போது அது இருந்தும் பயனில்லை. டிராக்டர் பக்கம் தண்டின் மேலே இருக்க வேண்டிய இரும்புத் தகட்டைப் பழைய வண்டிகளில் யாரோ என்றைக்கோ கழற்றியிருப்பார்கள். அதைத் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஷாஃப்ட்டின் மூட்டுகளில் உள்ள கிராஸ்களுக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது பொதுவான கணக்கு. சிங்கப்பூர் மழையில் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பல் தண்டும் சறுக்குக் குழாயும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்துச் சறுக்காமல் நின்றால், கருவியைத் தூக்கும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸைக் குத்தும். வேலை நிலையில் உள்குழாயின் மூன்றில் ஒரு பங்காவது வெளிக்குழாய்க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் ஓட்டத்தில் கழன்று சாட்டையாக வீசும். முனையில் உள்ள பூட்டு 'கிளிக்' என்று விழுந்ததும் ஒருமுறை பின்னுக்கு இழுத்துச் சோதியுங்கள். பூட்டு தேய்ந்துபோனதென்று ஆணியோ நீளப் போல்ட்டோ செருகவே கூடாது. துணி முதலில் மாட்டுவது துருத்திக்கொண்டிருக்கும் அந்த ஆணி, போல்ட் முனையில்தான்.

ஷியர் போல்ட் உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போகிற வழியில் ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் தலையில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கையேடு 8.8 கேட்டால் 10.9 போடக் கூடாது. அது உடைவதற்கென்றே வைத்த போல்ட். உடையாமல் நின்றால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ்.

ஒற்றைக் கிளட்ச் வைத்த பழைய வண்டி என்றால் தனிக் கவனம் வேண்டும். கிளட்சை மிதித்தாலும் ஸ்லாஷர் பிளேடின் சுழற்சி கியர் வழியாகப் பின்சக்கரத்தைத் தள்ளும். வண்டி நிற்காமல் முன்னேறும். கால்வாய் ஓரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு இணைப்பு இதைத் தடுக்கும். அதைப் பொருத்தினால் தண்டு நீளும். ஷாஃப்ட் அளவையும் கவரையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்தும் கவர் இல்லாத வண்டியை ஓட்டச் சொன்னால்? சண்டை வேண்டாம். போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்பி, "அண்ணே, கவர் உடைஞ்சிருக்கு. மாத்துனதும் ஓட்டுறேன், அதுவரைக்கும் வேற வேலை குடுங்க" என்று எழுதுங்கள். மறுப்போடு மாற்று வேலையையும் கேட்டால் பெரும்பாலும் காரியம் நடக்கும். எழுத்தில் பதிவும் இருக்கும். நடக்காவிட்டால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். 2006-ல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அப்படிப் புகார் செய்தவரை அதற்காக வேலையிலிருந்து நீக்குவதைத் தடை செய்கிறது. அடிபட்டால் சின்னக் காயம் என்று டார்மெட்ரியில் படுத்துவிடாதீர்கள். வேலையிட விபத்தால் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தாலும் முதலாளி அதை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பர் முதல் உள்ள விதி. எம்சி தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் அடுத்த வேலைக்கு. ஒரு சிறு நோட்டில் தேதி, வண்டி, செய்த பராமரிப்பு, மாற்றிய பாகம் என்று எழுதிவாருங்கள். "டிராக்டர் ஓட்டத் தெரியும்" என்று நேர்காணலுக்கு வரும் எல்லோரும் சொல்வார்கள். ஷாஃப்ட் நீளத்தை அளந்து வெட்டியதையும் கிராஸ் மாற்றியதையும் பக்கம் புரட்டிக் காட்டுகிறவரை ஓட்டுநர் சம்பளத்தில் வைக்காமல் மெக்கானிக் சம்பளத்தில் வைக்கச் சொல்லிப் பேரம் பேச இடம் இருக்கிறது.